இரண்டாவது குண்டானின் உப்பு

அக்கா,

மாவில் போடுவதற்காக ஓமத்தை உள்ளங்கையில் கொட்டிக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். அவ்வளவுதான், நீங்கள் வந்துவிட்டீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் என் சமையலறையில், சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "நல்லா தேய்டி, குழந்தைக்கு பவுடரா போடற" என்கிறீர்கள். போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. என்னை வேலை வாங்குவதை மட்டும் நீங்கள் விடவில்லை.

இன்றைக்கு ஆடிக் கிருத்திகை. சாயங்காலம் உங்கள் பாபு வருகிறான். உங்கள் சிதம்பரம் வீட்டை விற்கிறான், நாளை மறுநாள் பத்திரப் பதிவு. சென்னையிலிருந்து நேராகப் போக மனசு வரவில்லையாம், இங்கே இறங்கி என்னையும் கூட்டிக்கொண்டு போகிறானாம். போனில் கடைசியாக ஒன்று கேட்டான். "சித்தி, அம்மா போடற சமோசா போட்டு வையுங்க." சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் இன்றைக்கு என்ன நாள் என்று காலண்டரைப் பார்த்தேன்.

அவனிடம் இரண்டு வருஷமாகச் சொல்லாத ஒன்றை இன்று சொல்லப் போகிறேன். உருளைக்கிழங்கு ஆற இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சுடச்சுட உள்ளே வைத்தால் ஆவி கட்டி எண்ணெயில் வாயைப் பிளந்துவிடும் என்று நீங்கள் ஆயிரம் தடவை சொன்னதுதான். அந்த முக்கால் மணி நேரத்தில் முதலில் உங்களிடம் ஒப்பித்துப் பார்க்கிறேன்.

நாம் ஓரகத்திகள். அண்ணனை நீங்களும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். ஊர் வழக்கப்படி நமக்குள் ஆகாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை, அதற்குக் காரணம் என் நல்ல குணம் இல்லை. எனக்கு வாய் நீளம், உங்களுக்குக் காது மந்தம் மாதிரி ஒரு பாவனை. பெரியவர் தவறிய பிறகு, வடக்கு வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன வீட்டில் நீங்கள் தனியாக இருந்துகொண்டு சமோசா போட ஆரம்பித்தீர்கள். பிறந்தநாளுக்கு முப்பது, பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது என்று வந்தது. பெரிய ஆர்டர் வந்தால் எனக்குப் போன் வரும். நான் பஸ் ஏறி வருவேன். வந்து மூன்று சமோசாவைத் தின்றுவிட்டுத்தான் பூரிக்கட்டையையே தொடுவேன்.

உங்கள் அடுக்களையில் ஒரு சட்டம் இருந்தது. உப்புப் போட்டவள் ருசி பார்க்கக்கூடாது. "போட்டவ நாக்கு பொய் சொல்லும்" என்பீர்கள். ஒருத்தி போட வேண்டும், மற்றவள் பார்க்க வேண்டும். கிருத்திகை அன்று மட்டும் எப்போதும் நீங்கள் போடுவீர்கள், நான் பார்ப்பேன். ஏனென்றால் உங்களுக்கு மாதா மாதம் விரதம். காலையில் ஒரு டம்ளர் பால், பிறகு சாயங்காலம் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்துதான் சோறு. பத்தொன்பது வருஷமாக ஒரு கிருத்திகை விட்டதில்லை. பெரியவர் உடம்பு கிடந்த வீட்டிலும் விடவில்லை. நான் உங்களைச் செய்யாத கேலி இல்லை. முருகனுக்கும் உங்கள் வயிற்றுக்கும் என்ன வாய்க்கால் தகராறு என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் சிரித்துவிட்டு மாவைத் தட்டுவீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன்.

அந்த வாரம் பாபு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். உங்களுக்குச் சர்க்கரை, பிரஷர், ஒரு தடவை கிணற்றடியில் மயங்கியும் விழுந்திருந்தீர்கள். அவன் பயந்ததில் தப்பில்லை. வீட்டைக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். நீங்கள் முடியாது என்றீர்கள். கடைசியில் அவனே ஒரு வழி விட்டான். வாரா வாரம் நிலையாக ஆர்டர் வருமென்றால், ஆள் வந்து போகிற வீடு, தெருவுக்கும் ஒரு கண் இருக்கும், இருந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மூட்டையைக் கட்டுங்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சமையல் கான்ட்ராக்டர் ஒருவர் இருநூறு சமோசா கேட்டார். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒருவருக்குப் பணி நிறைவு விழா. கிருத்திகை ஆயிற்றே, வெங்காயம் வேண்டாம், உருளை, பட்டாணி, கேரட் போதும் என்றார். நன்றாக வந்தால் இனி வாரா வாரம் உங்களுக்குத்தான் என்றும் சொன்னார். அதை என்னிடம் போனில் சொல்லும்போது உங்கள் குரல் புதுப்பெண்ணின் குரலாக இருந்தது. அந்த இருநூறில்தான் உங்கள் வீடு இருந்தது.

உங்களுக்குத் தெரியாத என் கதை ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளுக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில் கையில் ஒன்று தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. இவரோடு பாண்டிச்சேரி போய், அதில் ஊசி போட்டு எடுத்ததைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். கிருத்திகைக்கு மறுநாள் ரிசல்ட். இவரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் பஸ்ஸில் வரும்போது ஆலப்பாக்கத்தில் ஒரு கூட்டம் காவடி தூக்கிக்கொண்டு போனது. மஞ்சள் துணியும் வேர்வையுமாக ஒரு கிழவர் ஆடிக்கொண்டே போனார். அவரைப் பார்த்ததும் கையைக் கூப்பிவிட்டேன். இன்றைக்குப் பச்சைத் தண்ணீரோடு இருந்துவிடுகிறேன், முருகா, ஒன்றுமில்லை என்று வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான்! எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்று கேட்டால் நான் உடைந்துவிடுவேன்.

முதல் குண்டான் மசாலாவை நீங்கள் தாளித்து இறக்கினீர்கள். சோம்பு, இஞ்சி, பச்சை மிளகாய், அப்புறம் உப்பு. கையால் அள்ளிப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். "உப்பு பாருடி" என்றீர்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, வாயில் போட்ட மாதிரி கையை மட்டும் கொண்டுபோய், "சரியா இருக்குது" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது பொய். உங்கள் கைக்கு உப்பு எப்போது தப்பியிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது குண்டானுக்கு நீங்கள் உப்பு ஜாடிக்குள் கையை விட்ட நேரத்தில்தான் பாபு அடுக்களை வாசலில் வந்து நின்றான். "அம்மா, வெள்ளிக்கிழமை வீடு பாக்க ஆளு வர்றாங்க. சும்மா பாக்கத்தான். நீ ஒண்ணும் பேசாத" என்றான். உங்கள் கை ஜாடிக்குள்ளேயே நின்றது. நான் அவனைப் பார்த்தேன். "ஏண்டா, சமோசா வெந்து முடியறதுக்குள்ள வீட்ட வித்துடுவியா?" என்று கத்தினேன். அவனும் கத்தினான். நீங்கள் கத்தவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது உங்கள் கை குண்டானுக்குள் மசாலாவைப் புரட்டிக்கொண்டிருந்தது. பாபு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்தக் கை ஜாடியிலிருந்து உப்போடு வந்ததா, வெறுங்கையாக வந்ததா?

"பாருடி" என்றீர்கள் மறுபடியும். நான் மறுபடியும் சரி என்றேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை எந்த விரதத்தில் சேர்ப்பது? முதல் நூறையும் பொரித்துப் பெட்டியில் அடுக்கினோம். நீங்கள் சிறு தீயில் எண்ணெயை வைத்துக்கொண்டு, குமிழி அடங்கினால்தான் திருப்புவேன் என்று நின்றீர்கள். நான் மாவை நீள்வட்டமாகத் தேய்த்து, நடுவில் வெட்டி, கூம்பாக மடித்து, இரண்டாவது குண்டானிலிருந்து எடுத்து எடுத்து நிரப்பினேன். ஒவ்வொன்றையும் ஒட்டும்போது உள்ளே உப்பு இருக்கிறதா, இல்லையா என்றே மனசு கேட்டது. குனிந்து மோந்துகூடப் பார்த்தேன். மோந்தால் உப்பு தெரியுமா? பைத்தியக்காரி! வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று நாலு தடவை நிமிர்ந்தேன். நீங்கள் மெதுவாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, முகம் தெளிந்து நின்றீர்கள். மறுபடி குனிந்து அடுத்ததை எடுத்தேன். அறுபது மடித்துவிட்டேன்.

நாலு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. கான்ட்ராக்டரின் டிரைவர், மீசைக்காரர், இறங்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே ஹாரன் அடித்தார். நான் மடித்த அறுபதில் முதல் பத்தை நீங்கள் அள்ளிக்கொண்டு எண்ணெய்க்கு மேல் கையைக் கொண்டுபோனீர்கள். நான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உப்பு பாக்கல."

"எதுல?"

"ரெண்டுலயும். நான் விரதம்."

நீங்கள் பத்தையும் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். கோபம் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இருபத்தாறு வருஷமாக என் தீனியைப் பார்த்தவர் நீங்கள். விரதம் என்று நான் சொன்ன மாத்திரத்தில் உங்களுக்கு உப்பு மறந்துபோய்விட்டது.

"நீயா? என்னாடி உனக்கு?"

இடது பக்கத்தில் கையை வைத்தேன். நாளைக்கு ரிசல்ட் வருகிறது என்றேன்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. யாரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வது? தெருவில் முக்கால்வாசி வீடு விரதம், மீதி வீடு கோயிலில். டிரைவரிடம் ஒன்றைக் கொடுத்துக் கேட்கலாம், கேட்டால் ருசி பார்க்காமலே பெட்டி கட்டுகிறவர்கள் என்று அன்றைக்கே கான்ட்ராக்டர் காதுக்குப் போய்விடும். தப்பு என்னுடையது, நான் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறேன் என்று குண்டானில் கையை விட்டேன். நீங்கள் என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தீர்கள்.

"சோத்தத் துப்புவியா? எடு கைய. முருகன் எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம்டி. எங்கிட்ட கோவிச்சிக்க மாட்டாரு. நீதான் புதுசு."

பெட்டியைத் திறந்து ஒரு சமோசாவை எடுத்து உடைத்தீர்கள். ஒரு வாய் மென்று விழுங்கினீர்கள். "இதுல இருக்குது" என்றீர்கள். இரண்டாவது குண்டானிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். மெல்ல ஆரம்பித்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷம், அக்கா. ஒரு கிள்ளு உப்பில்லாத உருளைக்கிழங்கில் முடித்தீர்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அறுபதையும் பிரித்தோம். தையலைப் பிரிக்கிற மாதிரி ஓரத்தை நகத்தால் நெம்பி, மசாலாவை மறுபடி குண்டானில் தட்டினோம். ஆறிப்போன கிழங்கில் உப்புத் தூளை அப்படியே போட்டால் ஒரு பக்கம் கரிக்கும், ஒரு பக்கம் சப்பென்று இருக்கும். வெந்நீரில் கரைத்துத் தெளிக்கச் சொன்னீர்கள். "நீ போடு. நான் பாக்கறேன்" என்றீர்கள். அந்த அவசரத்திலும் சட்டம் சட்டம்தான். தண்ணீர் பட்டதால் எண்ணெயில் வெடிக்கும் என்று இரண்டு பிடி பொட்டுக்கடலையைப் பொடித்துத் தூவினீர்கள். மறுபடி ஒரு கிள்ளு வாயில் போட்டீர்கள். "இன்னும் ஒரு சிட்டிகை" என்றீர்கள். போட்டேன். தலையசைத்தீர்கள். மாவு காய்ந்துபோயிருந்தது, ஓரம் ஓரமாகத் தண்ணீர் தொட்டு மடித்தோம். என் விரல் மரத்துவிட்டது. வெளியே டிரைவர் இறங்கிக் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் பாபு திரும்பி வந்தான். அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தவன் உங்கள் முகத்தையே பார்த்தான். உதட்டோரத்தில் மஞ்சளாகக் கிழங்கு ஒட்டியிருந்தது. பக்கத்துத் தட்டில் உடைத்த சமோசா பாதி கிடந்தது. "அம்மா" என்றான். நீங்கள் நிமிராமல், டிரைவரை ஒரு மணி நேரம் நிறுத்தி வை என்றீர்கள். அவன் வெளியே போய் அந்த மீசைக்காரரின் தோளில் கை போட்டு டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனான்.

ஐந்தே முக்காலுக்கு வேன் கிளம்பியது. அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. நீங்கள் எண்ணெய் வடிகட்டினீர்கள், நான் தரையைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கான்ட்ராக்டர் போன் செய்தார். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டீர்கள். லேட்டானதற்கு நன்றாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, பின்னால் வந்த பெட்டி முன்னால் வந்ததைவிட நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள், அடுத்த வாரம் நூற்றைம்பது வேண்டும் என்றார். நீங்கள் போனை வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள்.

மறுநாள் எனக்கு ஒன்றுமில்லை, கொழுப்புக் கட்டிதான் என்று வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "சரி" என்றீர்கள். பிறகு, "சாப்டியா?" என்றீர்கள்.

அன்று பாபு சென்னைக்குத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கினான். வீடு பார்க்க வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். "சித்தி, பத்தொம்போது வருஷ விரதத்த அம்மா அந்த ஆர்டருக்காக உடச்சிருக்குதுன்னா, அந்த வீட்ட விட்டு வராது. விட்டுடுவோம்" என்றான். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். டேய், வீட்டுக்காக மட்டும் இல்லைடா, வாயில் வைக்க வேண்டியவள் நான், என் விரதம் உடையக்கூடாது என்று உங்கம்மா தன்னுடையதை உடைத்தாள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவன் மனசு மாறிவிடும், உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தேன். எனக்கும் நீங்கள் பக்கத்தில் வேண்டும். அதுவும் உண்மைதான்.

அதற்கப்புறம் பதினைந்து மாதம் அந்த வீட்டில் இருந்தீர்கள். வாரா வாரம் சமோசா. ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் பால்காரம்மா கூப்பிட்டுக் கதவு திறக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். சாம்பல் எடுக்கப் போன இடத்திலேயே பாபு சொன்னான், சென்னையில் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று. இந்த ஒன்பது மாதத்தில் எத்தனை தடவை சொல்லிவிட்டான். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். தப்பாக முடிவெடுத்துவிட்டேன் என்று அவன் அழுகிறான். அவனுக்குப் பாதியை மறைத்து அந்த முடிவை எடுக்க வைத்தவள் எதிரில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக் கொடுக்கிறாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அக்கா. அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். என் வாயில் ஒரு கிள்ளைத் திணித்திருக்கலாம். எனக்கு வரவேண்டியது உங்களுக்குப் போய்விட்டதோ என்று நினைக்காத நாளில்லை. முருகன் அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குத் தெரியவில்லை.

கிழங்கு ஆறிவிட்டது. தொட்டுப் பார்த்தேன், நடுவிலும் சூடில்லை.

பாபு வந்து உட்கார்ந்ததும் தட்டை வைக்கும் முன் சொல்லிவிடப் போகிறேன். எழுந்து போனால் போகட்டும். நாளை மறுநாள் அந்த வீட்டுப் பத்திரத்தில் அவன் கையெழுத்துப் போடும்போது, அவன் அம்மா அந்த அடுக்களையில் என்ன செய்தாள் என்று முழுசாகத் தெரிந்து போடட்டும்.

சூட்டிலேயே உப்புப் போட்டுத்தான் இறக்கினேன். போட்டவள் நாக்கு பொய் சொல்லும்தான். என்ன செய்வது, பார்க்க வேண்டியவர் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு கிள்ளு எடுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து எந்தக் கிருத்திகைக்கும் நான் விரதம் இருப்பதில்லை, யார் வீட்டு அடுப்பாக இருந்தாலும் உப்புப் பார்ப்பவள் நான்தான். இன்றைக்குக் கொஞ்சம் குறைச்சல், இன்னொரு சிட்டிகை வேண்டும்.

ஆடிக் கிருத்திகையும் அதுவுமாக இப்படித் தின்கிறாளே என்று முருகன் கோபித்துக்கொண்டால், நீங்கள் கொஞ்சம் பேசிவிடுங்கள். உங்களுக்குத்தானே பழக்கம்.